சர்வர் கேட்ட கையெழுத்து

(டிசம்பர் மழைக்குப் பிறகு நடந்த நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரமில்லாமல் விட்டுப்போன ஓரிரண்டு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



நம் கூட்டங்களில் வழக்கமாக லிஃப்ட், கொசு, பார்க்கிங், தண்ணீர் லாரி என்றுதான் பேச்சு போகும். இந்த முறை செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "மழையில் நம் வெப்சைட் ஏன் நின்றது, எப்படிச் சரியானது என்று ஒரு இருபது நிமிஷம் சொல்லுங்கள் சார், ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள்" என்றார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இங்கே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் பால்வாடிப் பாடம். தப்பாகச் சொன்னால் கையைத் தூக்குங்கள். நான் பி.காம். படித்து, 36 வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கம்ப்யூட்டர் எனக்குச் சொந்த ஊர் இல்லை, பிழைக்கப் போன ஊர்.

முதலில், நம் வெப்சைட் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பராமரிப்புக் கட்டணம், கூட்ட நடவடிக்கைகள், தண்ணீர் லாரி முறை, பிளம்பர், எலெக்ட்ரீஷியன் நம்பர்கள், அறிவிப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு பிளாக்கிலும் லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கும் டிவியில் ஓடுவதும் அதே அறிவிப்புப் பக்கம்தான். இதை ஐந்து வருஷத்துக்கு முன்னால் சி பிளாக்கில் இருந்த ஒரு தம்பி சம்பளம் வாங்காமல் செய்து கொடுத்தார். இப்போது ஜெர்மனியில் வேலை.

அவர் இதையெல்லாம் 'கிட்' என்ற ஏற்பாட்டில் வைத்திருந்தார். கிட் என்றால் என்ன? வங்கிக்காரனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், பக்கம் கிழிக்க முடியாத லெட்ஜர். யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார், எதற்காக மாற்றினார் என்பது வவுச்சர் மாதிரி அப்படியே நிற்கும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. அந்த லெட்ஜரின் ஒரு பிரதி கிட்ஹப் என்ற இடத்தில் இருக்கிறது. இன்னொரு பிரதி என் லேப்டாப்பில். மூன்றாவது பிரதி, மாத வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சர்வரில். அந்த சர்வரை நான் கண்ணால் பார்த்ததில்லை. இங்கே என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எஸ்.எஸ்.ஹெச். என்ற வழியாக அதற்குள் போவேன். லேப்டாப்பில் மாற்றுவேன், கிட்ஹப்புக்குத் தள்ளுவேன், பிறகு சர்வருக்குள் போய் 'கிட் புல்' என்று இழுப்பேன். இழுத்து முடித்ததும் வெப்சைட்டும் டிவியும் மாறும். நம் லெட்ஜரில் குடியிருப்போர் போன் நம்பர்கள் இருப்பதால் அது பூட்டி வைத்த லெட்ஜர். படிப்பதற்கே அடையாளம் காட்ட வேண்டும்.

லேப்டாப், கிட்ஹப், சர்வர். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குழப்பம் முழுக்க, சண்டை எந்த இரண்டு பேருக்கு நடுவில் என்று தெரியாததால் வந்தது.

டிசம்பரில் அந்த வியாழக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். திங்கட்கிழமைதான் சம்ப் கழுவினோம். 'சம்ப் சுத்தம் செய்யப்பட்டது, குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தலாம்' என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. வியாழன் சாயங்காலம் மழைத் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து சம்புக்குள் இறங்கிவிட்டது. எட்டரை மணிக்குச் செயலாளர் ஓடிவந்தார். "சார், உடனே மாற்றுங்கள். யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது."

ஐந்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். லேப்டாப்பில் மாற்றினேன், தள்ளினேன், போயிற்று. சர்வருக்குள் போனேன், போயிற்று. புல் அடித்தேன். 'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்றது. அதாவது, நீ யார் என்பது நிரூபணமாகவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். இந்த முறை யூசர் நேம் கேட்டது, பாஸ்வேர்டு கேட்டது. கிட்ஹப்பில் என் பாஸ்வேர்டை ஜாக்கிரதையாக அடித்தேன். பாஸ்வேர்டால் உள்ளே விடும் வழக்கம் 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது என்று பதில் வந்தது. மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் அதே தேதி. அதன் முன்னால் 'சுடோ' சேர்த்து அடித்தேன். சுடோ என்றால் ரூட் என்ற மேலதிகாரி பெயரில் உத்தரவு போடுவது. மேலதிகாரிக்கும் அதே பதில்தான்.

பிறகு இணையத்தில் படித்து, முகவரியை ஹெச்.டி.டி.பி.எஸ்.இலிருந்து எஸ்.எஸ்.ஹெச். முறைக்கு மாற்றினேன். உடனே ஒரு கேள்வி வந்தது. இந்த இடம் உண்மையிலேயே கிட்ஹப்தானா என்று உறுதியாகத் தெரியவில்லை, தொடரலாமா என்று கேட்டது. படிக்காமலே 'யெஸ்' அடித்தேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதன் பிறகு வந்தது, 'பர்மிஷன் டினைட், பப்ளிக் கீ'.

மணி ஒன்பதரை. கீழே டிவியில் தண்ணீரைப் பயன்படுத்தலாம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் போட்டாகிவிட்டது, ஆனால் வாட்ஸ்அப் இல்லாதவர்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர் என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தோம். ஏ பிளாக் முதல் மாடியில் தனியாக இருக்கும் டீச்சரம்மா டிவியைப் பார்த்துவிட்டுத்தான் குடம் நிரப்புவார்கள். பெங்களூரில் இருக்கும் என் அக்கா பையனுக்குப் போன் போட்டேன். "மாமா, உங்க லேப்டாப்ல கீ இருக்குல்ல, அதைக் காப்பி பண்ணி சர்வர்ல போட்டுடுங்க. ரெண்டு நிமிஷம்" என்றான்.

அவன் சொன்னது வேலை செய்திருக்கும், பொய்யில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த காலத்தில் கை லெட்ஜர். பிறகு ஏ.எல்.பி.எம். மெஷின் வந்தது, அதற்குப் பிறகு முழுக் கணினி. குமாஸ்தா பதிவு போடுவார், அதிகாரி தன் பாஸ்வேர்டைப் போட்டு ஒப்புதல் தருவார். 1990களின் கடைசியில் எங்கள் கிளையில் ஒரு அதிகாரி இருந்தார். தங்கமான மனிதர். வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாதே என்று, தான் சாப்பிடப் போகும்போது பாஸ்வேர்டைப் பக்கத்து சீட்டில் சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள், பல வருஷமாக அசையாமல் கிடந்த ஒரு கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. ஒப்புதல் அவர் பெயரில். அந்த நேரத்தில் அவர் சாப்பாட்டு அறையில் என்னோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ச் சாட்சி சொன்னேன். விசாரணை அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "உங்கள் பாஸ்வேர்டு இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?" பதினான்கு மாதம் சஸ்பென்ஷன். திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் இன்கிரிமென்ட் போயிற்று, பெண் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அதன் பிறகு அவர் மதியம் சாப்பிட கேன்டீனுக்கு வருவதை விட்டுவிட்டார், சீட்டிலேயே சாப்பிடுவார்.

அதனால் 'கீயைக் காப்பி பண்ணுங்க' என்றதும் எனக்கு அவர் முகம்தான் வந்தது. அந்தக் கீ என் பெயர். சர்வரில் நாளைக்கு வேறு யாராவது ஏறினால், என் பெயரில் எங்கே வேண்டுமானாலும் போவார்கள், எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். லெட்ஜர் நான்தான் என்று சொல்லும்.

அன்று ராத்திரி என்ன செய்தோம் என்றால், நாலு பிளாக்கிலும் டிவி பிளக்கைப் பிடுங்கினோம். ஏ4 தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினோம். வாட்ச்மேனும் நானும் செயலாளரும் வீடு வீடாக மணி அடித்தோம். டீச்சரம்மா அதற்குள் குடம் நிரப்பி வைத்திருந்தார்கள். நல்லவேளை, காய்ச்சாமல் குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள். "நீங்கதானே சார் டிவியில போட்டிருக்கீங்க" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலையில் பொருளாளரின் மருமகள் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், சர்வருக்குள்ளதான் போயிட்டீங்களே, அந்த ஒரு ஃபைலை அங்கேயே திருத்தியிருக்கலாமே?" திருத்தியிருக்கலாம். தோன்றவில்லை. பூட்டிய கதவையே இடித்துக்கொண்டிருந்தவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் முதலில் அதைச் செய்து டிவியைச் சரிசெய்துவிட்டு, பிறகு கீபோர்டை என்னிடம் தந்து, "நீங்களே பண்ணுங்க, நான் கேள்வி மட்டும் கேக்கறேன்" என்றார். அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அவர் கேட்டது இதுதான். "இப்ப கிட்ஹப் வாசல்ல யார் நிக்கறாங்க, நீங்களா, சர்வரா?"

நான் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. என் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குப் போனபோது என் கீ வேலை செய்தது. அங்கேயே அதன் வேலை முடிந்தது. சர்வரிலிருந்து கிட்ஹப்புக்குப் போவது வேறு பயணம், போகிற ஆளும் வேறு. நான் மயிலாப்பூர் கிளைக்குப் போகிறேன், எல்லோருக்கும் என்னைத் தெரியும். அங்கிருந்து ஒரு பியூனைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். அங்கே பியூனின் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். என்னை மயிலாப்பூரில் எல்லோருக்கும் தெரியும் என்பது அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. 'என் லேப்டாப்பில் வேலை செய்கிறதே' என்று நான் ராத்திரி முழுக்கப் புலம்பியதற்கு இதுதான் பதில்.

சரி, பாஸ்வேர்டும் இல்லை, கீயும் இல்லை, அதுவரை சர்வர் யார் பெயரில் போய்க்கொண்டிருந்தது? தேடினோம். சர்வரில் ஒரு மறைவான ஃபைல், அதில் சாதாரண எழுத்தில் ஒரு முகவரி, அதற்குள் ஒரு பெயர் என்று வைத்திருப்பது கிட்டில் ஒரு வசதி. நம் சர்வரில் அந்த ஃபைல் இருந்தது, ஆனால் காலி. முந்தின ராத்திரி முதல் தடவை தோற்றதும், செல்லாத அடையாளம் என்று கிட் அதை அழித்துவிட்டிருக்கிறது. இரண்டாவது தடவை பெயர் கேட்டதன் காரணம் அதுதான். ஜெர்மனித் தம்பிக்குப் போன் செய்தோம். நமக்குப் பத்தரை, அவருக்குக் காலை ஆறு. பாவம், தூக்கத்தில் எழுந்து பார்த்துச் சொன்னார். அவர் தன் சொந்தப் பெயரில் ஒரு டோக்கன் எடுத்துப் போட்டிருக்கிறார். ஊருக்கு வந்தபோது ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். அது அந்த வாரம் காலாவதி.

டோக்கன் என்றதும் பழைய ஆட்களுக்குப் பித்தளை டோக்கன் ஞாபகம் வரும். செக்கைக் கொடுத்தால் நம்பர் போட்ட பித்தளை வில்லை தருவோம். கேஷியர் நம்பரைக் கூப்பிடுவார், வில்லையை நீட்டுகிறவருக்குப் பணம். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆள். கிட்ஹப் டோக்கனும் ஏறக்குறைய அப்படித்தான். பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் அதை ஒட்டினால் போதும். அந்தத் தம்பியின் டோக்கன் அவருடைய எல்லா லெட்ஜருக்கும் செல்லுபடியாவது. வாடகை சர்வரில் வருஷக்கணக்கில் அது திறந்த எழுத்தில் கிடந்திருக்கிறது. நம் சர்வரில் யாராவது நுழைந்திருந்தால் அவர் தலைதான் உருண்டிருக்கும். அவர் "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்றார். சாரி சொல்ல வேண்டியவர்கள் நாம். ஐந்து வருஷம் அவர் பெயரில் வாழ்ந்துவிட்டு, ஒருநாள்கூட யார் பெயரில் நடக்கிறது என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. ஆடிட் செய்கிற நானும் கேட்கவில்லை.

இனி சரிசெய்த விதம். முதலில் சர்வரில் 'கிட் ரிமோட்' என்று அடித்து, இடம் விட்டு 'மைனஸ் வி' போட்டுப் பார்த்தோம். லெட்ஜர் எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று அது காட்டும். ஹெச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால் கேட்பது டோக்கன். 'கிட் அட் கிட்ஹப்' என்று தொடங்கினால் கேட்பது கீ. ஒன்றுக்குரிய மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துப் பிரயோசனம் இல்லை. இதைப் பார்க்காமலேயே பாதிப் பேர் மணிக்கணக்கில் போராடுகிறார்கள் என்றார் அந்தப் பெண். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

அடுத்து 'ஹூ ஆம் ஐ' என்று சேர்த்து அடித்தேன். நான் யார்! ரமண மகரிஷி கேட்கச் சொன்ன கேள்வியைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. சர்வர் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டது.

பிறகு சர்வருக்கென்று தனியாக ஒரு ஜோடி கீ உண்டாக்கினோம். 'எஸ்.எஸ்.ஹெச். கீஜென்' என்ற உத்தரவு, வகை 'ஈடி 25519'. இரண்டு ஃபைல் வரும். ஒன்று ரகசியக் கீ, இன்னொன்று 'பப்' என்று முடியும் பொதுக் கீ. பொதுக் கீயை ஸ்பெசிமன் கையெழுத்து கார்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கொடுத்து வைப்பது. ரகசியக் கீ கையெழுத்துப் போடும் கை. வாசலில் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள், கார்டோடு ஒப்பிடுவார்கள். ஒரே வித்தியாசம், வங்கியில் ஸ்பெசிமனைப் பார்த்துப் பழகிக் கள்ளக் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே கார்டை எத்தனை நாள் பார்த்தாலும் கையெழுத்துப் போட வராது. அதனால் பொதுக் கீயை வாட்ஸ்அப்பிலேயே அந்தத் தம்பிக்கு அனுப்பினோம். ரகசியக் கீ பிறந்த சர்வரை விட்டு வெளியே வரவில்லை. அதன் ஃபைலையும் நமக்கு மட்டும் என்று பூட்ட வேண்டும், 600 என்று ஒரு எண் போட்டு. எல்லோரும் படிக்கும்படி கிடந்தால் எஸ்.எஸ்.ஹெச். பெரிதாக எச்சரிக்கை போட்டுவிட்டு அந்தக் கீயைத் தொடவே மாட்டேன் என்றுவிடும்.

லெட்ஜர் அப்போது தம்பியின் கணக்கில் இருந்ததால் அவர்தான் அந்தப் பொதுக் கீயைச் சேர்க்க முடியும். எங்கே சேர்ப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆளின் கணக்கில் சேர்த்தால் அந்த ஆளின் எல்லாக் கதவும் திறக்கும். குறிப்பிட்ட லெட்ஜரின் செட்டிங்ஸில் 'டெப்ளாய் கீ' என்று சேர்த்தால் அந்த ஒரு லெட்ஜர் மட்டும் திறக்கும். அதிலும் எழுதும் அனுமதியை டிக் செய்யாமல் விட்டால் படிக்க மட்டும் முடியும். சர்வருக்குப் பாஸ்புக் போதும், செக்புக் எதற்கு? டிக் செய்யவில்லை. ஒரே கீயை இரண்டு லெட்ஜருக்கு டெப்ளாய் கீயாக வைக்க கிட்ஹப் விடாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க 'எஸ்.எஸ்.ஹெச். மைனஸ் பெரிய டி', பிறகு 'கிட் அட் கிட்ஹப் டாட் காம்'. அது 'ஹாய்' சொல்லி ஒரு பெயரைச் சொல்லும். என் லேப்டாப்பிலிருந்து கேட்டால் என் பெயர். சர்வரிலிருந்து கேட்டால் லெட்ஜரின் பெயர். எந்தப் பெயரைச் சொல்கிறது என்பதுதான் முக்கியம், வேறு ஆள் பெயரைச் சொன்னால் வேறு ஆள் கீ போகிறது என்று அர்த்தம். கூடவே ஒரு வாக்கியம் வரும், ஷெல் வசதி தருவதில்லை என்று. அதைப் பார்த்துத் தோல்வி என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்தேன். உண்மையிலேயே தோற்றால் அதே உத்தரவில் சின்ன 'வி' சேர்த்தால், எந்தெந்தக் கீயை நீட்டிப் பார்த்தது என்று வரிசையாகச் சொல்லும். கீ இருந்தும் நீட்டவே இல்லை என்பதெல்லாம் அதில்தான் தெரியவரும்.

ஹாய் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் புல் அடித்தேன். 'பர்மிஷன் டினைட்.' அந்தப் பெண் சிரித்துவிட்டார். பழக்கதோஷத்தில் சுடோ போட்டிருக்கிறேன். கீ வைத்திருப்பது என் வீட்டு அலமாரியில், சுடோ போட்டால் தேடுவது ரூட்டின் வீட்டில். அங்கே ஏது? இன்னொரு தொல்லையும் உண்டு. சுடோவோடு இழுத்தது ஒருமுறை வெற்றியானால், வந்த ஃபைல்கள் ரூட் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். அடுத்த முறை நம் பெயரில் இழுத்தால் எழுத உரிமை இல்லை என்று நிற்கும். அது கிட்ஹப் சொல்வது இல்லை, நம் சர்வரே சொல்வது. 'பர்மிஷன்' என்ற ஒரே வார்த்தை இரண்டு இடத்திலும் வருவதால் கிட்ஹப்பில் போய் கீயை மாற்றிக்கொண்டிருப்போம்.

பாஸ்ஃப்ரேஸ் பற்றி அன்று கேள்வி வந்தது. ரகசியக் கீக்கு மேல் ஒரு பூட்டுச் சொல் போடலாம். என் லேப்டாப் கீக்குப் போட்டிருக்கிறேன். சர்வர் கீக்குப் போடவில்லை, ஏனென்றால் காலை ஆறு மணிக்கு அது தானாக இழுக்க வேண்டும், அந்த நேரத்தில் பூட்டுச் சொல் அடிக்க அங்கே ஆள் கிடையாது. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. படிக்க மட்டும், ஒரே ஒரு லெட்ஜர் என்பதால் ஒப்புக்கொண்டேன். 'ஏஜென்ட் ஃபார்வர்டிங்' என்று இன்னொரு வழி உண்டு. கீ லேப்டாப்பிலேயே இருக்கும், கையெழுத்து தேவைப்படும்போது சர்வர் இங்கே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆனால் நான் உள்ளே இருக்கும் வரைதான் அது நடக்கும், அந்த நேரத்தில் அந்த சர்வரில் ரூட்டாக இருக்கும் எவரும் என் கையெழுத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆறு மணிக்கு நான் தூங்குவேன் என்பதால் அது நமக்குப் பயன்படவில்லை.

சில நேரம் கிட்ஹப் 'அப்படி ஒரு லெட்ஜரே இல்லை' என்று சொல்லும். நாம் பார்த்துப் பார்த்து வைத்த லெட்ஜர், எங்கே போகும்? பதற வேண்டாம். பூட்டிய லெட்ஜரைப் பற்றி உரிமை இல்லாதவர் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். போனில் யாரோ கூப்பிட்டு இன்னாருக்கு உங்கள் கிளையில் கணக்கு இருக்கிறதா என்றால் நாங்கள் சொல்ல மாட்டோம் இல்லையா, அதுபோல. முகவரியில் எழுத்துப் பிழை இல்லையென்றால், நிற்கிற பெயர்தான் தவறு.

படிக்காமல் 'யெஸ்' அடித்த விஷயம். அது நம் அடையாளத்தைக் கேட்பதில்லை, எதிரில் இருப்பவர் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்வது. 2023 மார்ச் 24ஆம் தேதி கிட்ஹப் தன்னுடைய ஆர்.எஸ்.ஏ. கீயையே மாற்ற வேண்டியிருந்தது, அதன் ரகசியப் பகுதி கொஞ்ச நேரம் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பொது லெட்ஜரில் வெளியாகிவிட்டதால். அன்றைக்கு உலகம் முழுக்கப் பலருக்கு, எதிரில் இருப்பவர் மாறிவிட்டார், யாரோ ஆள்மாறாட்டம் செய்யக்கூடும் என்று பெரிய எச்சரிக்கை வந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே நடக்கும் என்றால் நாம் எம்மாத்திரம். அப்படி எச்சரிக்கை வந்தால் பழைய வரியை அழித்துவிட்டுத் தொடர்வது சுலபம். கிட்ஹப் தன் தளத்தில் சரியான கைரேகை எண்களை வெளியிட்டிருக்கிறது, அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டுத் தொடருங்கள். நான் அன்று ராத்திரி அடித்த யெஸ்ஸை மறுநாள் ஒப்பிட்டேன், சரியாகத்தான் இருந்தது. அது என் அதிர்ஷ்டம்.

டி பிளாக் தம்பி ஒருவர் ஆபீஸ் வைஃபையிலிருந்து முயன்றால் பதிலே வராமல் தொங்குகிறது என்றார். அது அடையாளத் தகராறு இல்லை. பல ஆபீஸ்களில் எஸ்.எஸ்.ஹெச்.சின் 22ஆம் எண் வழியை அடைத்துவிடுவார்கள். 443ஆம் எண் வழியாகப் போக கிட்ஹப்பில் தனி முகவரி இருக்கிறது. கூட்டம் முடிந்து வாருங்கள், எழுதித் தருகிறேன்.

இப்போதைய நிலவரம் சொல்லிவிடுகிறேன். லெட்ஜர் அந்தத் தம்பியின் கணக்கிலிருந்து சங்கத்தின் பெயரில் திறந்த கணக்குக்கு மாறிவிட்டது. அதற்கு இரண்டு பேர் பொறுப்பு, செயலாளரும் நானும், ஆளுக்கொரு தனிக் கணக்கு, ஆளுக்கொரு தனிக் கீ. ஒருவர் பாஸ்வேர்டு இன்னொருவருக்குத் தெரியாது. 2023 முதல் கிட்ஹப் இரண்டாவது அடையாளமும் படிப்படியாகக் கட்டாயமாக்கியதால் போனில் ஆறு இலக்க எண் வரும் ஏற்பாடும் இருக்கிறது. போன் தொலைந்தால் உதவும் மீட்பு எண்களை அச்சடித்துத் தனித்தனிக் கவரில் போட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். வங்கியில் ஸ்ட்ராங் ரூம் மாற்றுச் சாவியை வேறு கிளையில் வைப்போம். அதன்படி என் கவர் சங்க அலமாரியில் இருக்கிறது, செயலாளரின் கவர் பொருளாளர் வீட்டில். எந்தக் கீ எந்த மெஷினில், எந்தத் தேதியில் உண்டானது, எது எப்போது காலாவதி என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். டீச்சரம்மா வீட்டுக்கு மட்டும் அவசர அறிவிப்பு என்றால் வாட்ச்மேன் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இரண்டு பேர் போதாது, மூன்றாவதாக ஒருவர் வேண்டும். செயலாளருக்கு மார்ச்சில் பேத்தி பிறக்கப் போகிறது, ஹைதராபாத் போகிறார். எனக்குக் கண் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். ஐ.டி. வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, நிதானமாகப் படித்துவிட்டு அடிப்பவராக இருந்தால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். வருகிறவர்கள் அவரவர் லேப்டாப்பைக் கொண்டுவாருங்கள், என்னுடையதைத் தர மாட்டேன். வெளியே டீ தயாராகிவிட்டது என்கிறார்கள்.